அரை நிமிடம் பிந்திய ஆட்டம்

பதினொரு வருடம் நானும் அண்ணையும் பேசவில்லை. அவர் பார்த்த மாப்பிள்ளையை நான் வேண்டாமென்றேன். அவர் முகத்தைத் திருப்பினார், நானும் திருப்பினேன். எங்கள் வீட்டில் ரோசத்துக்குக் குறைவில்லை. அவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில், நான் ரொறன்ரோவில்.

எங்களைப் பேசவைத்தது றக்பி லீக் என்ற பந்து விளையாட்டு. சிரிக்காதீர்கள். இங்கிலாந்துக்காரர் தங்கள் போட்டியைக் கடல் தாண்டி விரிக்கிறோம் என்று ரொறன்ரோவிலும் ஓர் அணியைச் சேர்த்தார்கள். ஒருநாள் அண்ணையிடமிருந்து போன். "உங்கட ஊர் ரீம் எங்கட ஊருக்கு விளையாட வருது. பாப்பியே?" வேறொன்றும் கேட்கவில்லை. "ஓம் அண்ணை, பாப்பன்" என்றேன். எனக்கு அந்த விளையாட்டில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

அதன்பின் சனிக்கிழமைக் காலைகளில், ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருந்த என் வீட்டுக் குசினி மேசையில் மடிகணினியைத் திறந்து, காதில் போனோடு பார்ப்பேன். அவருக்குத் தொலைக்காட்சியில் உடனே வரும். எனக்கு இணையத்தில் அரை நிமிடம் பிந்தி வரும். என்ன நடக்கப்போகிறதென்று அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். நீயே பார் என்பதுபோலப் பேசாமல் இருப்பார். ஆனால் எங்கள் அணிக்கு எதிராகப் புள்ளி விழுந்தால் அவரையறியாமல் ஓர் இருமல் வரும். அதை நான் கண்டுபிடித்துவிட்டேன். "இருமிப் போட்டியள், எங்களுக்கு விழப்போகுது" என்பேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார்.

கடைசிப் பருவத்தில் இருமல் கூடியது. எங்கள் அணி நன்றாக ஆடும்போதும் இருமினார். "அண்ணை, நீங்கள் இருமியே எங்கட ரீமை அழிக்கப் போறியள்" என்று பகிடி விட்டேன். "ஓம், ஓம்" என்றார்.

பிறகு போட்டியிலிருந்த மற்றக் கழகங்கள் கூடி வாக்களித்து ரொறன்ரோவை விலக்கின. இந்த ஊரை வைத்திருந்து தொலைக்காட்சி ஒப்பந்தத்துக்கு என்ன லாபம் என்று கேட்டார்களாம். எங்கள் அணி போனால் இங்கே ஒளிபரப்பும் இல்லை. அன்று அண்ணை போன் எடுத்தார். "உனக்கு மட்ச் வராட்டில் என்ன, எங்கட ரீவிக்குப் பக்கத்தில போனை வைக்கிறன், கேள்."

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "உங்கட ஆக்கள் எங்களைக் கலைச்சுப் போட்டினம். இனி உங்கட விளையாட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அவர் இருமினார். நெடுநேரம் இருமினார்.

"இனி இருமி என்ன, எங்களுக்கு ரீமே இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த வாயை என்ன செய்தால் தகும்?

அவர் மறுபடி எடுக்கவில்லை. ரோசம் என்று நினைத்து நானும் எடுக்கவில்லை. மாரிக் குளிர் முடியுமுன் மச்சாள், அண்ணையின் மனைவி, எடுத்தா. அண்ணை அன்று காலை போய்விட்டார். நுரையீரலில் புற்றுநோய். அவருக்கு ஒரு வருடமாகத் தெரியுமாம்.

"ஒவ்வொரு கிழமையும் உமக்குச் சொல்லத்தான் போனை எடுப்பார்" என்றா மச்சாள். "மட்ச் முடியட்டும் எண்டுவார். முடிஞ்சாப் பிறகு, அவள் சிரிச்சுக்கொண்டிருக்கிறாள், அடுத்த கிழமை சொல்லுவம் எண்டுவார்."

இப்போது போட்டியை மறுபடி விரிக்கிறார்களாம். புதிய அணிகள், புதிய ஒளிபரப்பு, இங்கிருந்தும் பார்க்கலாமாம். ரொறன்ரோ அதில் இல்லை. வேண்டாமென்று கத்தியவள்தான், முதல் நாளே சந்தா எடுத்தேன். அண்ணையின் ஊர் அணி விளையாடும் காலைகளில் மடிகணினிக்குப் பக்கத்தில் போனையும் வைக்கிறேன். படம் இன்னும் பிந்தித்தான் வருகிறது. யாராவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஓர் இருமலுக்காகக் காத்திருக்கிறேன்.