வெல்வெட் பொடியில் ஒரு மலை

சமையலறை வாசலில் நின்று, வலது உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டு, "தம்பி, வீட்ட இன்னா பண்ணி வச்சிருக்க நீ?" என்று அண்ணி கேட்ட அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குரலில் கோபம் இருந்தது. அவருக்குப் பார்வை முழுதாகப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத்தில் அவர் கோபப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை சில நாள் அழுகை கேட்டிருக்கிறேன், பல நாள் ஒன்றுமே கேட்டதில்லை. அதனால் திட்டு வாங்கிக்கொண்டே உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. அண்ணன் சாமந்தியும் வேர்க்கடலையும் பயிர் செய்கிறவர். அண்ணி பி.ஏ. படித்தவர். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் உள்ள ஒரு தங்கும் விடுதியில் பதினோரு வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். எந்த அறைக்கு வெயில் எப்போது வரும், எந்த அறையில் குரங்குத் தொல்லை, யாருக்குக் காரம் கம்மியாகச் சமைக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வடநாட்டுக்காரர்களுக்கு ஒரு மாதிரி இந்தி, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மாதிரி ஆங்கிலம். இரண்டிலும் தப்பு இருக்கும், தயக்கம் இருக்காது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் விடுதிக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணியைத்தான் தேடுவார்கள்.

முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. நாற்பதைத் தாண்டியபோது அது விழித்திரையில் இறங்கிவிட்டது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஒரு கண்ணில் அறுவை சிகிச்சையும் செய்தார்கள். மருத்துவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், நாங்கள்தான் தாமதமாகப் போயிருந்தோம். முதலில் இடது கண், ஏழு மாதம் கழித்து வலது கண்.

அண்ணன் உடைந்துபோனார். உடைந்தவர் அதைக் காட்டிக்கொள்ளாமல், அண்ணிக்கான எல்லா வேலையையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். பல் தேய்க்கப் பேஸ்ட் வைத்துக் கொடுப்பது முதல் தட்டில் சோற்றைப் பிசைந்து வைப்பது வரை. அண்ணி எழுந்தால் போதும், "நீ உக்காரு, நான் எடுத்தாறேன்" என்பார். அன்பால்தான் சொன்னார். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது முறை அதைக் கேட்கிற ஆளுக்கு எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஒரு மதியம் அண்ணன் கழனிக்குப் போயிருந்தபோது, அண்ணி தானாக மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் போடும் சர்க்கரை மாத்திரையும் மதியம் போடும் ரத்த அழுத்த மாத்திரையும் ஒரே மாதிரி அட்டை. தடவிப் பார்த்து ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து, காலையில் போட்ட சர்க்கரை மாத்திரையையே மறுபடியும் போட்டுவிட்டார். நான் தற்செயலாக வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் வியர்த்துக் கொட்டி, நாக்கு குழறிக் கிடந்தார். சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணன் மாத்திரை டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அண்ணி நாற்காலியை விட்டு எழுவதையே நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் என் தொழில் எனக்கு நினைவுக்கு வந்தது. வேங்கிக்காலில் ஒரு ஷெட்டில் நான் வெல்வெட் பூச்சு வேலை செய்கிறேன். நகைப் பெட்டியைத் திறந்தால் மோதிரம் உட்காரும் இடம் மெத்தென்று இருக்கிறதே, அது பெரும்பாலும் துணி கிடையாது. பிளாஸ்டிக்கிலோ அட்டையிலோ பசை தடவி, மிகப் பொடியாக வெட்டிய நைலான் இழையை அதன்மேல் தூவுவோம். சும்மா தூவினால் இழை படுத்துக்கொள்ளும். கையில் பிடித்துக்கொள்ளும் ஒரு மின்கருவியிலிருந்து தூவினால், இழை ஒவ்வொன்றும் மின்னூட்டம் பெற்று, ஈரப் பசையில் நட்ட நாற்று மாதிரி நேராக நிற்கும். பசை காய்ந்ததும் ஒட்டாததைத் துலக்கி எடுத்துவிட்டால் வெல்வெட். கல்யாணப் பத்திரிகையில் எழும்பி நிற்கும் பிள்ளையார், பனியனில் மொசமொசவென்றிருக்கும் எழுத்து, கார் கண்ணாடி கீறல் விழாமல் ஏறி இறங்குகிற பள்ளத்தின் பட்டை எல்லாம் இந்தப் பொடியின் வேலைதான். பத்து வருடமாக நான் இதைக் கண்ணுக்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். நிறம் சரியா, பளபளப்பு சரியா என்று பார்ப்பேன். தொடுகிறவரைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஒரு வாரம் ஷெட்டில் உட்கார்ந்து, பின்பக்கம் ஒட்டுகிற பட்டைகளாக வெல்வெட் செய்தேன். அண்ணியை அண்ணன் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்த ஒரு நாளில் வீடு முழுக்க ஒட்டினேன். இடுப்பு உயரத்தில் சுவர் நெடுக ஒரு பட்டை. கதவுப் பிடிகள், சுவிட்ச் பலகையைச் சுற்றி, அலமாரி விளிம்புகள், மேசை ஓரம், டம்ளர், டப்பா மூடிகள். வீடே நகைப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குத்தான் மறுநாள் காலையில் அந்தத் திட்டு.

"எங்க கைய வச்சாலும் பூன முதுகு மாதிரி இருக்குது. கதவும் அதான், சுவரும் அதான், உப்பு டப்பாவும் அதான். எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"மெத்துன்னு இருந்தா அடிபடாதுன்னு நெனச்சேன் அண்ணி."

"மெத்துன்னு நான் கேட்டனா? வித்தியாசம் வேணும் தம்பி எனக்கு. ஒரு எடத்துல இருக்கணும், இன்னொரு எடத்துல இருக்கக் கூடாது."

இத்தனை வருடத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து பட்டைகளை உரிக்க ஆரம்பித்தோம். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவள எதுக்குடா தொந்தரவு பண்ற?" என்று கேட்டார். அண்ணியே பதில் சொன்னார்: "நீங்க சும்மா இருங்க. நான்தான் அவன வேல வாங்குறேன்."

எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆனது. சுவர்ப் பட்டை முழுதும் போனது; கூடத்திலிருந்து குளியலறைக்குத் திரும்பும் முனையில் மட்டும் ஒரு சாண் நின்றது. சுவிட்ச் பலகையில் விசிறிக்கு மட்டும் ஒரு பொட்டு. மாத்திரைக்கு இரண்டு டப்பா செய்தேன். காலை டப்பாவின் மூடி முழுக்க நீளமான, விறைத்த இழை, துலக்கும் பிரஷ் மாதிரி. மதிய டப்பா வெறும் வழவழப்பு. அண்ணி இரண்டையும் மாற்றி மாற்றி இருபது முறை எடுத்துப் பார்த்த பிறகுதான் அண்ணன் பரணிலிருந்து மாத்திரையை இறக்கினார். சமையலறை மட்டும் எங்களுக்கு மசியவில்லை. அடுப்புப் பக்கம் நைலானை வைக்கவே கூடாது, உருகிப் பற்றும். மற்ற இடங்களிலும் எண்ணெய்க் கை பட்டால் இழை படிந்து பிசுபிசுத்துவிடும். "நனஞ்ச பூன மாதிரி ஆயிடுச்சு" என்று சிரித்தபடி, உப்பு டப்பாவிலிருந்து அதை அவரே சுரண்டி எறிந்துவிட்டு ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டார். அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு நாள் அண்ணி கேட்டார்: "தம்பி, இந்தப் பொடில மலைய செய்ய முடியுமா?"

நான் உற்சாகமாகி, மூன்றடி பலகையில் மலையை வரைந்து வெட்டி, பூச்சு வேலையும் முடித்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். கோபுரமும் பின்னால் மலையும், காலண்டரில் இருக்குமே அப்படி. அண்ணி இரண்டு கையாலும் அடிவாரத்திலிருந்து உச்சிவரை தடவினார். மறுபடியும் தடவினார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இது யாரோட மலை?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "டேய், இது டவுன்லேர்ந்து பாக்குற மலைடா. அவ கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து பின்கட்டுலேர்ந்து பாத்தது இந்தப் பக்கம். மேற்கால பக்கம்" என்றார்.

எங்கள் மலை பக்கத்துக்குப் பக்கம் உருவம் மாறும். சுற்றி நடக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் படம் என்று வரும்போது எல்லோருமே ஒரே பக்கத்தைப் போடுகிறோம். இந்த முறை அண்ணனும் ஷெட்டுக்கு வந்தார். பின்கட்டில் நின்று அவரே கரித்துண்டால் அட்டையில் போட்டுக்கொண்டுவந்த கோட்டைத்தான் நான் பலகைக்கு மாற்றினேன். புதர் அடர்ந்த சரிவுக்கு நீள இழை, புல் மேடுகளுக்குக் குட்டை இழை, பாறைக்கு ஒன்றுமே இல்லாத வெறும் பலகை. "அந்தச் சரிவு இன்னும் செங்குத்தா வரும்", "அங்க பாற ஜாஸ்திடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும். பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோது அண்ணியின் விரல் பாதிச் சரிவில் நின்றது. பிறகு, "ஐப்பசி மழைல இந்த எடத்துலதான் வெள்ளக் கோடா தண்ணி எறங்கும், இல்லங்க?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அது அண்ணிக்குத் தெரியாதே என்று நான்தான் "ஆமா அண்ணி" என்றேன்.

அடுத்த வாரம் அண்ணி விடுதிக்குப் போன் செய்து, மறுபடி வேலைக்கு வரலாமா என்று கேட்டிருந்தார். அவர்கள் வரச் சொன்ன பிறகுதான் எங்களிடம் சொன்னார். அண்ணன் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "உன்ன ஒழுங்கா பாத்துக்கலன்னு ஊரு பேசட்டும்னா? விழுந்து கிழுந்து வச்சா?" என்றார்.

"வீட்லயும்தான் விழுந்தேன்" என்றார் அண்ணி. "நீங்க என்ன நல்லா பாத்துக்குறீங்க. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா நாள் பூரா யாராவது என்ன பாத்துக்கினே இருந்தா, நான் எதுக்கு இருக்கேன்னு ஆயிடுதுங்க."

அண்ணன் இரண்டு நாள் விடியுமுன்பே கழனிக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலையில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எத்தன மணிக்குப் போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

விடுதியில் பன்னிரண்டு அறை. சாவியோடு தொங்கும் மரக்கட்டைகளுக்கு நான் வெல்வெட் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒன்றாம் அறைக்கு ஒரு கோடு, இரண்டாம் அறைக்கு இரண்டு என்று. முதல் நாளே தப்பு நடந்தது. மூன்று கோட்டுக்கும் நான்கு கோட்டுக்கும் அவசரத்தில் வித்தியாசம் தெரியாமல், வந்தவரிடம் அண்ணி அடுத்த அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே வேறொரு குடும்பம். அவர்கள் சத்தம் போட, அண்ணி அங்கேயே நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அழுதார். நான் என்னைத்தான் நொந்துகொண்டேன். எண்ணிப் பார்க்க வேண்டிய அடையாளத்தைக் கொடுத்தது என் பிழை. மறுநாள் அண்ணி லீவு போடுவார் என்று நினைத்தேன். அவர் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி நின்றார். நான் கட்டைகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் வேறு உருவமாக மாற்றினேன். வட்டம், சிலுவை, ஓரம் மட்டும், நடுவில் மட்டும், முழுக்க இழை, பாதி இழை. அண்ணியிடம் கொடுத்துச் சோதித்து, அவர் தள்ளிய மூன்றைத் திரும்பச் செய்தேன்.

அந்த மூன்றையும் கொடுக்கப் போன காலையில்தான் இதைப் பார்த்தேன். மேற்குப் பக்க மலைப் பலகையை அண்ணி ஏற்கெனவே விடுதியின் முன்கூடத்துக்குக் கொண்டுபோய், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் மாட்டச் சொல்லியிருந்தார். திருச்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார், முப்பது வயது இருக்கும். கையில் வெள்ளைக் கோல். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை என்று அவரே சொன்னார். கூட வந்த தோழி பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் சுவரோரம் தடவிக்கொண்டு வந்து பலகையில் கை வைத்தார்.

"இது என்னங்க?" என்றார்.

"மலைங்க" என்றார் அண்ணி.

அந்தப் பெண் அடியிலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து மறுபக்கச் சரிவுக்கும் விரலை ஓட்டினார். "நான் கூம்பு மாதிரி இருக்கும்னு நெனச்சிருந்தேன். இப்படி மேடும் பள்ளமுமா இருக்கே" என்றார். "இங்கேருந்து பார்த்தா இப்படித்தான் தெரியுமா?"

"இல்லீங்க. இது எங்க ஊர்லேர்ந்து தெரியுறது. இங்க வேற மாதிரி."

அந்தப் பெண்ணின் கை நின்றது. அண்ணியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அண்ணி மேசையில் சாவியைத் தடவித் தேடிய சத்தத்தை வைத்தே, அவருக்கும் பார்வை இல்லை என்று அந்தப் பெண் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "உங்களுக்கும் கண்ணு தெரியாதுன்னு நெனச்சேன். நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கண் போன பிறகு 'பார்த்தேன்' என்ற சொல் அண்ணி வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யாராவது அதைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார். நான் குறுக்கே ஏதாவது சொல்லி மாற்றிவிடலாமா என்று கூட நினைத்தேன்.

அண்ணி மேசையைச் சுற்றி வந்தார். இடது கை மேசை விளிம்பில் வழுக்கிக்கொண்டே வந்தது. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய கையை எடுத்துப் பலகையின் அடிவாரத்தில் வைத்தார்.

"இருபது வருஷம் பாத்திருக்கேங்க" என்றார். "வாங்க, சொல்றேன்."