ஏழாம் இலக்கப் பதிவு

இரண்டு கைகளும் ஐந்து சொற்களை அடித்துவிட்டு நின்றன. இடது கையின் ஆட்காட்டி விரல் ஒலிப்பதிவைச் சில வினாடிகள் பின்னுக்குத் தள்ளியது. மறுபடி கேட்டதில் ஒரு 'ம்' விடுபட்டிருந்தது. வலது கை அதைச் சேர்த்தது. பிறகு ஐந்து சொற்கள், பிறகு நிறுத்தம்.

பதினான்காவது நிமிடத்தில் கைகள் லெப்டொப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

"புருசன் அடிச்ச எண்டு செல்ல ஏலுமா புள்ள? தறியில இரிந்து விழுந்த எண்டுதான் ஆஸ்பத்திரியிலயும் சென்ன. கண்ணுக்கு மேல அஞ்சு தையல்." குரலுக்குப் பின்னால் பக்கத்துத் தறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஐந்து தையலும் போட்ட அன்று ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் கூட இருந்தவள் அஸீஸா. தறியில் விழுந்ததென்றுதான் அவளும் நம்பினாள். தெரிந்த குரல்போலத்தான் முதலிலேயே இருந்தது. மருதமுனைப் பெண்களின் பேச்சே இப்படித்தான் என்று அடித்துக்கொண்டு போயிருந்தாள். இப்போது சந்தேகமில்லை. பேசுவது ஜெமீலா, அஸீஸா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் றமீஸின் மனைவி.

அஸீஸா சாய்ந்தமருதில் இருக்கிறாள். பதினெட்டு வயதில் கல்முனையில் காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் உறுதிகளைத் தட்டச்சு அடிக்கப் போனவள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய உறுதிகளைப் பார்த்து அடித்து அடித்தே பழகினாள். அங்கே இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன: ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது, அடித்ததை வெளியில் கதைக்கக் கூடாது. கந்தோர் மூடியபின் வீட்டிலிருந்தபடி மாணவர்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுக்கிறாள். மௌனத்தையும் எத்தனை வினாடி என்று எண்ணிக் குறிப்பாள். "அஸீஸா ராத்தாட்ட குடுத்தாத் தும்மலும் சேர்ந்து வரும்" என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

இந்தப் பதிவு றிஸ்லா என்ற மாணவியுடையது. நெசவு செய்யும் பெண்கள் வீட்டில் படும் அடி உதை பற்றி இருபது பேரிடம் கேட்டிருந்தாள். பெயர் வராது, இலக்கம்தான் வரும். கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் கமிட்டி அனுமதி கொடுத்திருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே போட வேண்டிய விவரம் தனித்தாளில் இருந்தது. அஸீஸா ஏழாம் இலக்கத்தின் தாளை எடுத்துப் பார்த்தாள். வயது, தாய் வழியில் வரும் குடியின் பெயர், பக்கத்துப் பள்ளிவாசல், சீதன வீடு, மூன்று தறி.

இதைப் படிக்கும் மருதமுனைக்காரர் எவருக்கும் வீட்டு வாசல் வரைக்கும் தெரிந்துவிடும். ஆய்வு நூலகத்துக்குப் போகும். ஒருவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் அன்றைக்கே றமீஸின் கைக்கு வரும்.

கேற் திறந்தது.

"கீரி மீன் கொணந்திரிக்கன், பொரிச்சித் தாகா. பசிக்கிது." றமீஸ் மீன் பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு நேரே அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். "என்னகா இது, பிளேன் ஓட்டுற மாதிரிக் காதுல மாட்டிட்டிரிக்காய்?"

"பிள்ளையள்ற வேல காக்கா."

"எங்க, நானும் கேப்பம்." ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு விசையைத் தட்டினான்.

ஐந்து தையல் என்று சொன்ன பிறகு ஜெமீலா பேசவில்லை. பதினொரு வினாடி. அதை எண்ணி அடைப்புக்குறிக்குள் அடித்துவிட்டு, பதிவை மௌனத்தின் தொடக்கத்துக்கே தள்ளி நிறுத்தியிருந்தாள் அஸீஸா. அந்த மௌனத்தில் தறிச் சத்தம் மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு குரல் வரும். மூன்று. நான்கு. றமீஸ் கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு. எட்டு.

"காக்கா, பூன! மீனத் தூக்குது!"

ஹெட்போனை எறிந்துவிட்டு அவன் குசினிக்கு ஓடினான். அவள் பதிவை நிறுத்தி லெப்டொப்பை மூடினாள்.

"எங்க பூன?"

"ஓடிட்டு."

"தறிச் சத்தந்தான் கேக்கிது. ஊட்டயும் அதான், இஞ்சயும் அதான்" என்று சிரித்தான். மீன் பொரியும்வரை இருந்தான். அவள் முதுகு காட்டியபடியே நின்றாள், முகத்தைப் பார்த்துவிடுவான் என்று.

அவன் போனதும் றிஸ்லாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஏழாம் நம்பர் ஆளுக்கு நான் என்ன முறை எண்டு தெரியுமா?"

"தெரியா ராத்தா. ஏன்?"

"அவட புருசன்ட கூடப்பிறந்த தங்கச்சி."

"பேர எடுத்துட்டன்தானே ராத்தா. கமிட்டியும் ஓமெண்டிட்டு."

"கமிட்டியில மருதமுனை ஆக்கள் இரிக்காங்களா?"

"இல்ல."

"அதான் அவங்களுக்குப் பிடிபடல்ல. குடி, பள்ளி, மூணு தறி, அஞ்சு தையல். இவ்வளவையும் வெச்சிட்டுப் பேர மட்டும் எடுத்து என்னத்துக்கு?"

"அடுத்த கிழம ஒப்படைக்கணும் ராத்தா..."

"ஆய்வப் பாக்கிற சேர்ட்ட செல்லு. அதுக்கு முதல்ல அவட்ட செல்லு. பதிவு ஆர்ட கைக்குப் போன எண்டும் மறைக்காமச் செல்லு. வேணாம் எண்டா நான் அழிக்கன்."

சொல்லிவிட்டாளே தவிர, பின்னேரம் வரை அஸீஸாவால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்ததாகக் காக்கா நினைப்பான். உளவு கேட்டதாக ஜெமீலா நினைப்பாள்.

அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது றிஸ்லாவின் அழைப்பு வந்தது. திருத்திய பிறகு கமிட்டிக்குத் திரும்பக் கொடுக்க வேண்டுமாம், திகதி பிந்துமாம். "அவ அழிக்க வேணாமாம் ராத்தா. ஆனா தான் வாசிக்காம ஒரு தாளும் போகப்படாதாம். நீங்கதான் அடிச்ச எண்டு சென்னன். பிறகு, 'அவவையே கொண்டுவரச் செல்லு' எண்டா."

மறுநாள் எட்டு மணிக்கு, றமீஸ் கடற்கரையில் மீன் ஏலத்தில் நிற்கும் நேரம் பார்த்து, அஸீஸா மருதமுனைக்கு ஓட்டோவில் போனாள். கைப்பைக்குள் ஒன்பது தாள். சொல் ஒன்றையும் மாற்றவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பன்னிரண்டு இடங்களின் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தாள். வெட்டுவதா விடுவதா என்பதைச் சொன்னவளே சொல்லட்டும்.

ஜெமீலா தறியை விட்டு எழும்பவில்லை.

"எல்லாம் கேட்டயா?"

"பதினாலாம் நிமிசத்திலதான் ஆரெண்டு விளங்கின மச்சி. மிச்சத்த உங்கட சம்மதம் வந்த பிறகுதான் கேட்டு அடிச்ச."

"அவர் உன்ட காக்கா."

"ஓம்."

"என்னத்த அடிச்ச எண்டு அவர் கேட்டா?"

"தறிச் சத்தம் எண்டு செல்லுவன்."

ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. றமீஸோ என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். அது வாசலைக் கடந்து தூரப் போனது. பிறகு ஜெமீலா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அஸீஸா ஒன்பது தாளையும் பென்சிலையும் அந்தக் கையில் கொடுத்தாள்.