நெலுந்தெனிய தாண்டாத வண்டி

மாவனெல்லையில் யாருடைய வண்டி நின்றாலும் ஹீன்பண்டா பாஸைத்தான் கூப்பிடுவார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிற மெக்கானிக். அவருடைய சொந்த மோரிஸ் மைனர் கார் மூன்று நாட்களாக அவரை நடுரோட்டில் நிறுத்திக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மகள் இரோமி சனிக்கிழமை மதியம் இத்தாலியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள். ஆறு வருடம் ஆயிற்று. விசா பேப்பர் கைக்கு வராததால் அம்மாவின் சாவுக்குக்கூட அவளால் வர முடியவில்லை.

“நான் வேன் பிடிச்சு வந்துடறேன்ப்பா, நீங்க அலையாதீங்க” என்றாள் போனில்.

“வேனா? மெக்கானிக் மகள் வாடகை வண்டியில வந்து இறங்கினா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். நான் வரேன்.”

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், அதுவல்ல அவர் கவலை. மனைவி சுதுமெனிக்கே போய் இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் அரை ராத்தல் பாண் வாங்கினால்கூட ஒரே வயிற்றுக்கு மிஞ்சிக் காய்ந்தது. பேச ஆளில்லாமல் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்துவிட்டால் மகளைச் சொந்தக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள். வரும் வழியில் பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் அவருக்கே அவருக்கு. அது அவருக்கு வேண்டியிருந்தது.

மனைவி போனபிறகு வண்டி சந்தைக்குப் போய்வந்ததோடு சரி. அந்தச் சின்னத் தூரத்துக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. புதன்கிழமை வெள்ளோட்டம் பார்க்கக் கொழும்பு ரோட்டில் விட்டார். நெலுந்தெனிய ஊர் வந்ததும் இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப்பின் டிக் டிக் சத்தம் அடங்கிப்போயிருந்தது. ஸ்பேனரால் அதன் தலையில் நாலு தட்டு தட்டினார். கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆயிற்று. பம்ப்தான் பழுது என்று முடிவுகட்டி, அதன் பாயின்ட்டை மாற்றினார்.

வியாழக்கிழமையும் அதே இடத்தில் நின்றது. பில்டரைக் கழுவினார், குழாயை ஊதினார், காயிலை மாற்றினார். வெள்ளிக்கிழமையும் நெலுந்தெனிய. வண்டி ஓடும்போது பம்ப்பின் பக்கம் காது வைக்க ஒரு ஆள் வேண்டும். முன்பெல்லாம் சுதுமெனிக்கே இடது சீட்டில் உட்கார்ந்து, “இப்ப நின்னுச்சு, டிக் டிக் கேக்கல” என்று சொல்லிவிடுவாள்.

கண்டி பஸ் ஒன்று வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினான்: “என்ன பாஸ், வைத்தியருக்கே காய்ச்சலா? எறங்கித் தள்ளவா?”

“போடா டேய்! அன்னாசி வாங்க நிறுத்தியிருக்கேன்!”

தினமும் கேட்பவர்களுக்கு இதே பதில்; சொன்ன வார்த்தைக்காக ரோட்டோரக் கடையில் ஓர் அன்னாசி வாங்கினார். மூன்று நாளில் மூன்றாகிவிட்டது. ஒற்றை ஆள் எத்தனை அன்னாசி தின்பது? அப்படியே பின்சீட்டில் கிடந்தன.

சனிக்கிழமை காலை, விமானம் வர ஐந்து மணி நேரம் இருக்கும்போதே கிளம்பினார். நின்றால் தட்டிக்கொள்வோம், தட்டித் தட்டியாவது போய்ச் சேருவோம் என்று ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டார். டேங்க்கை நிரப்பப் பெட்ரோல் செட்டில் நிறுத்தினார். அங்கே பதினைந்து வருடமாகப் பெட்ரோல் அடிக்கும் சேபால மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

“பாஸ், கோவிச்சுக்காதீங்க. ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். மூடிக்கு உள்ள இந்த லஞ்ச் ஷீட்டு எதுக்கு?”

“எந்த ஷீட்டு?”

“வெளையாடாதீங்க பாஸ். நீங்க கட்டினா அதுல விஷயம் இருக்கும்னு நானும் என் பைக்குக்குக் கட்டிட்டேன். ஆனா பாருங்க, அது அங்கங்க நின்னு போகுது.”

ஹீன்பண்டா இறங்கி மூடியை வாங்கிப் பார்த்தார். சோற்றுப் பார்சல் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், இரண்டாக மடித்து, பன்சலையில் பிக்கு ஓதித் தந்த வெள்ளை நூலால் மூன்று சுற்று சுற்றி மூன்று முடிச்சு. காற்று போகிற துளையை அது அடைத்திருந்தது. மூடிய போத்தலில் குழாய் வைத்து உறிஞ்சினால் எவ்வளவு வரும்? பம்ப் என்ன செய்யும் பாவம்!

சுதுமெனிக்கேயின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்தன; பெட்ரோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற காலம் அது. “டேங்க்லேருந்து வாசம் வருதுங்க. நம்ம பெட்ரோல்தானே காத்துல போகுது? மகள் வந்தா ஏர்போர்ட்டுக்குப் போக வேணாமா?” என்று சுதுமெனிக்கே அரித்துக்கொண்டே இருந்தாள். “அப்ப மூக்கைப் பொத்திக்க” என்றார் இவர். அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. மூடியைத்தான் திறந்திருக்கிறாள்.

மகளைக் கூட்டிவரத்தான் கட்டிவைத்தாள். அதுவே வண்டியை நிறுத்தியது. ஹீன்பண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாராவது இப்படிக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் கிழித்து எறிந்து, ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

“சேபால, ஒரு ஊசி இருந்தாக் குடு.”

தாளின் நடுவில், மூடியின் துளைக்கு நேராக, பெரிதாக ஒரு ஓட்டை போட்டார். முடிச்சைத் தொடவில்லை. அப்படியே மூடினார்.

“உன் பைக்குலயும் ஓட்டை போடு.”

“என்ன பாஸ், தொழில் ரகசியமா?”

“ஆமா. என்னோடது இல்ல.”

கேகாலை போயிற்று. நெலுந்தெனிய வந்தது, அன்னாசிக் கடை வந்தது. கடைக்காரி பழக்கதோஷத்தில் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வண்டி நிற்கவில்லை. டிக் டிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நிக்கல மெனிக்கே” என்றார் ஹீன்பண்டா, இடது சீட்டைப் பார்த்து.