அண்ணன் விட்டுக்கொடுத்த துரை

எங்கள் அண்ணன் ஆண்டவருக்குள் இளைப்பாறி ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் அண்ணன் படத்துக்குக் கீழே "உலாந்தாத் துரை வழிவந்தவர்" என்று ஒரு வரி போடச் சொல்லி அண்ணனின் இளைய பிள்ளைகள் அச்சாபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் தாதர் வரைக்கும் போய் அதை எடுக்கச் சொன்னேன். "ஏன் அத்தை, அப்பா காலமெல்லாம் சொன்னதுதானே?" என்று கேட்டார்கள். காலமெல்லாம் சொல்லவில்லை. அவர்கள் சிறுவயசில் கேட்டது அது. கடைசி வருஷங்களில் அந்தப் பேச்சே அண்ணன் வாயில் வந்தது கிடையாது. ஏன் என்று அறிந்தவர்கள் குறைந்து வருகிறோம். அதனால் நானே எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் அச்சாபீஸ்காரர் திருத்தட்டும். சொல்லைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய தெருவில். அப்பா தோணியில் போனவர் திரும்பவில்லை. மீசை அரும்புகிற வயதில் அண்ணன் பம்பாய்க்கு ரயிலேறினார். தாராவியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் வேலை. அந்தத் தார்ப்பாய்களின் மேலேயே படுக்கை. பல வருஷம் பொறுத்து, சொந்தமாக இரண்டு மிஷின் போட்டுக் கடை வைத்தார். என் வீட்டுக்காரர் தவறிப் போனபோது ஊருக்கு வந்து, "ஏளா, நீ யார் வீட்டு வாசல்லயும் சோத்துக்கு நிக்கப்பிடாது. பெட்டியக் கட்டு" என்று சொல்லி என்னைக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து மாட்டுங்கா லேபர் கேம்ப் வீடுதான் எனக்கு வீடு. மதினி ஒரு நாளும் என் தட்டில் குறைத்துப் பரிமாறியதில்லை. இதை எழுதாவிட்டால் நான் மனுஷியில்லை.

அண்ணனுக்குக் கோபம் உண்டு, குடி கிடையாது, கடன் கிடையாது. பெருமை மட்டும் நிறைய உண்டு. அந்தப் பெருமை முழுவதும் ஒரு துரையின் மேல்.

இங்கிலீஷ்காரன் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரை ஆண்டவர்கள் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள். முத்து, சங்கு, துணி எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. அவர்களில் சங்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஒரு துரை கப்பலேறிப் போகாமல் ஊரிலேயே தங்கி, எங்கள் சனத்தில் பெண் கட்டினார். அவருடைய ஆண் வாரிசு நாங்கள். இது அப்பா எங்களுக்குச் சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது. சாட்சிக்கு அந்தத் துரையின் குப்பி ஒன்று இருந்தது. பச்சைக் கண்ணாடி, சதுரமாக, கனமாக இருக்கும். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் உண்டு. லாரி சேட்டு யாராவது கடையில் வந்து கத்திவிட்டுப் போனால், அண்ணன் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அந்தக் குப்பியை எடுத்துத் துடைப்பார். "இவன் பாட்டன் எங்க இருந்தானோ, நம்ம பாட்டன் துரையால்லா இருந்தாவ" என்பார். கோபம் ஆறிவிடும். எனக்கும் அந்தப் பெருமை இல்லாமல் இல்லை.

துரையின் பேரை நான் இதில் எழுதவில்லை. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம், அண்ணன் மகள் ஜெசிந்தாவுக்குச் செம்பூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சேவியருக்கு விக்ரோலியில் கம்பெனி வேலை. சம்பந்தி, அதாவது சேவியரின் அப்பா, ரயில்வே ஒர்க்ஷாப்பில் போர்மேன். அவர்களும் தூத்துக்குடிப் பக்கம்தான், நம் சனம்தான். நம் கோயில் வழக்கம் தெரியாத தாராவிச் சிநேகிதர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். ஓலை வாசித்த பிறகு கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பெண்ணுக்கு அப்புறம் மாப்பிள்ளை வருவது கஷ்டம். என்ன குறையோ என்றுதான் ஊர் பேசும்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சம்பந்தி வீட்டாருக்குச் சாப்பாடு. சம்பந்தி சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவர், "அது என்ன அண்ணாச்சி, மாதா பக்கத்துல மருந்துக் குப்பி?" என்று கேட்டார்.

"மருந்துக் குப்பியா! நல்லாக் கேட்டீய போங்க" என்று அண்ணன் சிரித்தார். இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி துரையின் கதையை எடுத்து, பேரையும் அழுத்திச் சொன்னார்.

சம்பந்தியின் கை சோற்றிலேயே நின்றது. "இன்னொரு மட்டம் சொல்லுங்க. என்ன பேரு?"

அண்ணன் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"சங்குக் கிடங்கு துரையா?"

"அவரேதான்."

"அவுக எங்க பாட்டன்லா! அவுக சட்டையில உள்ள வெள்ளிப் பொத்தான் இன்னும் எங்க வீட்டுல இருக்கு. எங்க அப்பா வழிப் பாட்டன்."

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் சிரித்தார்கள். பந்தியின் கடைசியில் இருந்த செம்பூர்ப் பெரியவர்தான், சம்பந்தியின் சித்தப்பா, இலையை மடக்கினார். "சிரிக்கீயளோ? ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன்னா ரெண்டு வீடும் பங்காளில்லா? அப்போ பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறையாச்சே. என்ன காரியம்டே பண்ணி வச்சிருக்கீய?"

மதினி பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கை கழுவி வந்தவர்கள் யாரும் வெற்றிலையைத் தொடவில்லை. உள்ளே ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அன்று சாயங்காலமே சாமியாரிடம் போனார். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தலைமுறை தள்ளிப் போனால் திருச்சபைக்குத் தடையே இல்லை" என்றார். "சபைக்கு இல்ல சாமி. எங்க சனத்துக்கு இருக்கு. நூறு தலைமுறை போனாலும் பங்காளி பங்காளிதான்" என்றார் அண்ணன்.

மறுநாள் செம்பூரிலிருந்து ஆள் வந்தது. துரை யாருடையவர் என்று ஊரில் போய் ஆதாரம் பார்த்து வரவேண்டும். ஒரு வீட்டுக்கு உண்டு, மற்ற வீட்டுக்கு இல்லை என்று ஏற்பட்டால் கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் உண்டு என்றால், மூன்றாம் ஓலைக்கு முன் சம்பந்தியே சாமியாரிடம் போய் நிறுத்திவிடுவார்.

"நம்ம துரையத் தேடப் போறோம். கிடைக்கணும்னு வேண்டவா, கிடைக்கப்பிடாதுன்னு வேண்டவா?" என்று வி.டி.யில் ரயிலேறும்போது அண்ணன் என்னைக் கேட்டார். பெண்பிள்ளை கூட வந்தால்தான் ஊரில் வீட்டுக்குள் இருக்கிற பேச்சு வெளியே வரும் என்று என்னையும் கூட்டிப் போனார். மெட்ராஸ் வரைக்கும் அண்ணன் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

ஊரில் சொந்தக்கார வீட்டில் இறங்கினோம். அங்கே ஒருவர், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீய? செம்பூர்க்காரன் வேற துரை வழின்னு நாலு வரி எழுதி வாங்கிட்டுப் போங்க. பம்பாயில இருந்து யாரு பாக்க வரப்போறா?" என்றார். அண்ணன் அந்த வீட்டில் அப்புறம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஊர்க் கோயிலில் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை அங்குள்ள சாமியார் எடுத்து வைத்தார். புத்தகமா அது! உப்புக் காற்றில் இலைக்கு இலை ஒட்டி, தொட்டால் சருகு மாதிரி உதிர்ந்தது. எழுத்து வேற்றுப் பாஷை. சாமியார் கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்தார். அண்ணன் நாற்காலியில் உட்காரவே இல்லை. கடைசியில் சாமியார் துரையின் பேரை வாசித்தார். அண்ணன் என் கையைப் பிடித்தார். சிறுவயசுக்குப் பிறகு என் கையைப் பிடித்தது அன்றுதான்.

"ரெண்டு பையன்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கு. தகப்பன் இவர், தாய் இந்த ஊர்ப் பெண்" என்றார் சாமியார்.

"அந்தப் பையன்கள் பிள்ளைக யாரு சாமி?"

அவர் அடுத்த இலையைப் புரட்டப் பார்த்தார். அது மாவாக உதிர்ந்து மேஜையில் விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் அப்படியே. "இந்தத் துரை இருந்தார், பிள்ளை பெற்றார் என்று எழுதித் தருகிறேன். நீங்கள் அவர் வழி என்றும் எழுத முடியாது. இல்லை என்றும் எழுத முடியாது. செம்பூர்க்காரருக்கும் அதே கதிதான்" என்றார்.

இரண்டு பையன்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவர், அவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்றும் இருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் இல்லை என்றும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது.

வெளியே வந்து உலாந்தாக்காரர்களின் பழைய கல்லறைகளுக்குப் போனோம். பெரிய பெரிய கருங்கல் பலகைகள். துரையின் கல் இதுதான் என்று காட்டினார்கள். அதன் மேல் ஒரு பொம்பிளை மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தாள். அண்ணன் நிற்கிற நிற்பைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்குதீய? உங்க ஆளா? உங்க ஆளுன்னா அள்ளிருதேன்."

எத்தனை பேரிடம் எங்கள் ஆள், எங்கள் ஆள் என்று சொன்ன வாய் அது. நான் அண்ணன் முகத்தையே பார்த்தேன். அண்ணன் குனிந்து, மிளகாயை ஒதுக்காமல், கல்லில் எழுத்துத் தெரிகிற இடத்தை மட்டும் விரலால் தடவினார். "இல்லம்மா. காயட்டும்" என்றார்.

அங்கிருந்து பம்பாய்க்கு ரயிலேறினோம். மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தோம். சம்பந்தி, செம்பூர்ப் பெரியவர், இன்னும் சிலர் வீட்டில் காத்திருந்தார்கள். சம்பந்தி வெள்ளிப் பொத்தானைப் பட்டுத் துணியில் கட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார். ஜெசிந்தா அறைக் கதவுக்குப் பின்னால். சேவியர் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

அண்ணன் குளிக்கவில்லை, காப்பி குடிக்கவில்லை. கோயிலில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். உதிர்ந்த இலையையும் சொன்னார். பிறகு மாதா பக்கத்திலிருந்த குப்பியை எடுத்தார். வழக்கம்போல் வேட்டி முனையால் துடைத்தார். அதைச் சம்பந்தியின் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதையும் நீங்க கொண்டுபோங்க. அவுக உங்க பாட்டனாவே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டாம். எனக்கு எம்மவ போதும்."

சம்பந்தி முகம் சிவந்துபோயிற்று. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று கத்தினார். "அதெப்படி? நீரு குடுத்த புண்ணியவான் ஆயிருவீரு, நான் வாங்கிட்டுப் போன அல்பன் ஆயிருவனா? எனக்கும் வேண்டாம் அந்தத் துரை!"

"எனக்கு வேண்டாம்னு நான்லா முதல்ல சொன்னேன்!"

"முதல்ல சொன்னா பெரிய இதுவா?"

செம்பூர்ப் பெரியவர் கம்பால் தரையைத் தட்டினார். "அட பாவிகளா. போன வாரம் வரைக்கும் எம்பாட்டன் எம்பாட்டன்னு மல்லுக்கு நின்னீய. இப்போ அந்த மனுசன் அனாதப் பொணமாப் போயிட்டானே."

முதலில் சிரித்தது கதவுக்குப் பின்னால் இருந்த ஜெசிந்தாதான். பிறகு மதினி. சம்பந்தி சிரிக்கவில்லை. குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, இதை நான் வச்சுக்கிடுதேன். வீம்புக்கு இல்ல, நீங்க குடுத்ததுக்காக. ஆனா ஒரு வாக்கு வேணும். இனிமே அந்தப் பேரு உங்க வாயிலயும் வரப்பிடாது, என் வாயிலயும் வரப்பிடாது. வந்தா பிள்ளைகளுக்குத்தான் அசிங்கம். நாளைக்கே பேரப்பிள்ள பூனைக்கண்ணோட பொறந்தாலும்!" என்றார்.

"வராது" என்றார் அண்ணன்.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று சாமியார் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் நடந்தது.

அடுத்த வருஷம் ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை. குழந்தை கண் திறந்ததும் மதினி என்னை இடித்தாள். சாம்பல் பச்சை. கண்ணாடிக் குப்பியை வெயிலில் பிடித்த மாதிரி. அண்ணன் பிள்ளையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். சம்பந்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் உதடும் துடித்ததை நான் என் கண்ணால் கண்டேன். யார் முதலில் வாயைத் திறப்பாரோ என்று எனக்குப் பதறியது.

"பால் குடிச்சாளா?" என்று கேட்டார் அண்ணன்.

"குடிச்சிட்டா" என்றார் சம்பந்தி.

அவ்வளவுதான் பேச்சு.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேத்தியைப் பார்த்த நர்ஸ், "இந்தக் கண்ணு யாரோடது தாத்தா?" என்று கேட்டாள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. சம்பந்தி கட்டிலருகில்தான் இருந்தார். "அவளோடதும்மா" என்றார் அண்ணன். அந்த வாரமே ஆண்டவர் அழைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று சம்பந்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் என்னையும் மதினி என்றுதான் கூப்பிடுவார். "எழுதுங்க மதினி. நான் கத்துனதையும் சேத்து எழுதுங்க. பேரை மட்டும் விட்டுருங்க" என்றார்.

அண்ணனைத் தூக்கிச் சுமந்த லேபர் கேம்ப் இளைஞர்களுக்கும், கடை மிஷின்களை நிற்கவிடாமல் ஓட்டிய தாராவிச் சிநேகிதர்களுக்கும், மூன்று வேளையும் சோறு அனுப்பிய அடுத்த வீட்டு மராட்டிக் குடும்பத்துக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் வீட்டின் கும்பிடு. உங்களை மறக்க மாட்டோம்.

வருஷ நினைவுக்குக் கல்லறைக்கு வருகிறவர்கள் தலைமாட்டில் ஒரு பச்சைக் குப்பியைப் பார்ப்பீர்கள். சதுரமாக, கனமாக இருக்கும். சம்பந்தி செம்பூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தது. "மதினி, இதுல பூ வைக்கட்டுமா?" என்று கேட்டார். வையுங்கள் என்றேன். சாமந்தி வைத்திருக்கிறோம். ஏது இந்தக் குப்பி என்று பிள்ளைகள் யாராவது கேட்டால், சம்பந்தி கொண்டுவந்தது என்று சொல்லுங்கள். அது போதும்.