சூடேறாத வீட்டு வண்டி

தெருமுனை ஒர்க்‌ஷாப்காரருக்கு டாக்ஸிக்காரர்கள் வைத்த பெயர் ஐஸ். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் கைபட்ட எந்த வண்டியும் வழியில் ஆவி பறக்க நின்றதில்லை. பெயரை அவர் விருதாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் மானம் வீட்டு வண்டியில் மாட்டிக்கொண்டது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியற்காலை அவள் கிளம்பினால், சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடக்கும். ஹீட்டரைப் போட்டால் ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி காற்று வரும். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போன பிறகுதான் முள் லேசாகப் புரண்டு படுக்கும்.

“நேத்து ஊசி போடப் போனா, பேஷன்ட் என் கையத் தொட்டுப் பாத்துட்டு, ‘நீங்க படுங்கம்மா, நான் எழுந்துக்கறேன்’ங்கறார்,” என்றாள் ஞாயிற்றுக்கிழமை காலையில். “இன்னிக்குள்ள சரியாகலன்னா எங்க அண்ணன்கிட்ட விட்டுடுவேங்க.”

அண்ணனின் ஒர்க்‌ஷாப் எதிர்சாரியில், ஞாயிறும் திறந்திருக்கும். பெண்டாட்டியின் வண்டி சாலையைக் கடந்து மச்சானிடம் போவதைத் தெருவே பார்க்கும். அதற்கு ஸ்பானரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே சென்சாரை மாற்றியாகிவிட்டது. மீட்டரையும் மாற்றியாகிவிட்டது, புது முள்ளும் பழைய முள்ளைப் போலவே படுத்துக்கொண்டது. இந்த முறை ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்தபடி நின்றார். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை அந்தப் பக்கம் விடாமல் ஒரு வால்வு மறிக்க வேண்டும். அதுவரை ஹோஸ் சில்லென்று இருக்கும். இதுவோ முதல் நிமிடத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து வெதுவெதுத்தது.

“வால்வு திறந்தே மாட்டிக்கிட்டிருக்கு! கண்டுபிடிச்சுட்டேன்!”

எஞ்சினை ஆறவிட்டு, வால்வு இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வே இல்லை.

“எந்த மடையன் இதக் கழட்டினது?”

“நீங்கதான். போன கோடையில. ‘தொல்ல விட்டுது’ன்னு தூக்கிப் போட்டீங்க. நான்தான் பக்கத்துல டார்ச் பிடிச்சேன்,” என்றாள் மனைவி.

எந்த வண்டி வந்தாலும் ஐஸ் செய்யும் முதல் வேலையே அந்த வால்வைக் கழற்றி எறிவதுதான்; அது மறிக்காவிட்டால் வண்டி எப்படிக் கொதிக்கும்?

ஞாயிற்றுக்கிழமை, புது வால்வு வாங்க வேறு கடை எதுவும் திறக்கவில்லை. போவது வண்டியில்லையே, நான்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு சாலையைக் கடந்தார்.

“வாங்க மாப்ள,” என்ற மச்சான், இவர் பேசுமுன்னே ஒரு வால்வை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“குளிர் வந்தா உங்க கஸ்டமருங்க வரிசையா இங்கதான் வராங்க, வண்டி சூடாகலன்னு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு சொல்லல. தங்கச்சி வண்டிய இன்னும் காணோமேன்னுதான் பாத்துட்டிருந்தேன்.”

“எத்தன வருஷமா?”

“கடை தொறந்ததே அந்தத் தைரியத்துலதான் மாப்ள.”

ஐஸ் மச்சானின் அலமாரியைப் பார்த்தார். வால்வுகள் ஒரு தட்டு நிறைய இருந்தன.

“அது மொத்தத்தையும் கட்டிக் குடுங்க மச்சான். என் கஸ்டமருங்களுக்கு நானே திருப்பி மாட்டி விட்டுடறேன்.”

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது.