எல்லோருக்கும் அஞ்சு ஒன்பது

மீட்டர் விற்கிறவன் தன் வீட்டு மீட்டரை நம்ப மாட்டான். எங்கள் தொழிலின் முதல் ரகசியம் இதுதான்.

கடலுக்கு நடுவே எங்கள் தீவில், டாலிகஞ்சில் எனக்கு ஒரு ரிப்பேர் கடை. மிக்சி, ஃபேன், இன்வர்ட்டர் எல்லாம் வயிற்றுக்கு. ஹாம் ரேடியோ மனசுக்கு. லைசென்ஸ் வாங்கி, மாடியில் ஆன்டெனா கட்டி, முகம் தெரியாதவர்களோடு தினமும் பேசுகிற கூட்டம் நாங்கள். இந்தத் தீவுகளில் எங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கு வேண்டிய அளவுக் கருவிகளை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்துத் தருகிறவன் நான். அதனால் ஊரில் எனக்கு 'மீட்டர் பாய்' என்று பெயர். ஆட்டோ மீட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஒரு மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, அது சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று நிம்மதி இழந்தவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கதை ஒன்றுதான்.

ஓட்டெடுப்பு

செல்வம் கட்டட வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர். ஹாம் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். "நல்ல மல்டிமீட்டரா ஒண்ணு குடுங்க பாய்" என்றார். கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அவருடைய பவர் சப்ளை பதின்மூன்று வோல்ட் என்று அது காட்டுகிறதாம். அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். வாய் தவறி, "இன்னொரு மீட்டரை வச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவதை வாங்கிக்கொண்டு போனார். அது பதின்மூன்றரை காட்டியது. நியாயமாக நான் ஒரு புது பேட்டரியை எடுத்து இரண்டையும் சோதித்துக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு அவர் எங்கே விட்டார்? இரண்டு மீட்டரையும் மேஜையில் வைத்து, சண்டை போட்ட பிள்ளைகளைப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மூணாவது ஒண்ணு எடுங்க பாய், ஓட்டுப் போட்டுப் பாத்துரலாம்."

குறுக்கே பேசாத நண்பர்

அதே செல்வம். ஆன்டெனா கட்டி முடித்த பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வாங்கினார். நாம் அனுப்புகிற சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று அது சொல்லும். கொஞ்சம்கூடத் திரும்பவில்லை என்றால் 'ஒன்றுக்கு ஒன்று'. அந்த எண்ணைப் பார்க்கத்தான் எங்கள் ஆட்கள் மழையிலும் மாடி ஏறி இறங்குவார்கள். செல்வம் முதல் நாளே போன் செய்தார், "ஏக்தம் ஒன் டு ஒன் பாய்!" என்று. எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்?

ஒரு வாரம் கழித்து வாடிப்போய் வந்தார். எத்தனை கூப்பிட்டும் யாரும் பதில் சொல்வதில்லையாம். ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமா, எல்லோரும் சேர்ந்து ஒதுக்கி வைத்துவிட்டார்களா என்று வருத்தம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ரேடியோ செட்டிலிருந்து போன ஒயர் ஆன்டெனாவுக்குப் போகவில்லை. மேஜைக்கு அடியில், நான் சோதனைக்காகக் கொடுத்திருந்த டம்மி லோடுக்குப் போயிருந்தது. பெயின்ட் டப்பாவில் எண்ணெய் ஊற்றி அதற்குள் ஒரு ரெசிஸ்டரை முக்கி வைத்த சாமான் அது. அனுப்புகிற சக்தியை எல்லாம் சூடாக்கித் தானே விழுங்கிக்கொள்ளும். எதுவும் திரும்பாது. வெளியேயும் போகாது. டப்பாவைக் காட்டினேன். செல்வம் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார். "ஏழு நாளா எண்ணெ டப்பாகிட்டயா பேசிட்டிருந்தேன்? அதான் பாய், நடுவுல குறுக்கே பேசவே இல்ல."

உப்புக் காற்று

இப்போது பால்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாயாபந்தரில் பவர் ஹவுஸ் ஆபரேட்டர். என் வயதுதான். தினமும் மாலை ஐந்தரைக்கு நானும் அவரும் ரேடியோவில் அரை மணி நேரம் பேசுவோம். கப்பல் எப்போது வருகிறது, வெங்காயம் வந்ததா, யாருக்குக் கல்யாணம், இவ்வளவுதான் பேச்சு. போனில் பேசினால் என்ன என்று என் வீட்டில் கேட்பார்கள். அது வேறு, இது வேறு என்பதை நான் இதுவரை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் சிக்னல் தேய்ந்துகொண்டே வந்தது. மீட்டரில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சாதித்தார். விடிவதற்கு முன் பஸ் ஏறி, காட்டுக்குள் வரிசையாகப் போகிற வண்டிகளோடு ஊர்ந்து, பஸ்ஸோடு படகில் கடல் கடந்து போய்ச் சேர்ந்தேன். மீட்டர் அழகாகத்தான் காட்டியது. ஆனால் மாடியில் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புக்குப் பதில் பச்சைப் பொடி. உப்புக் காற்று தின்றிருந்தது. போகிற சக்தி வழியிலேயே செத்துவிடுகிறது. திரும்பி வர ஒன்றும் இல்லை. அதை மீட்டர் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறது. பால்ராஜின் மனைவி ஸ்டெல்லா டீ கொண்டுவந்தவர் அந்தப் பச்சைப் பொடியைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். "இந்த வீட்டுல எல்லாமே இப்படித்தான் பாய். கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும்" என்றார். கேபிளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

விசிலுக்கு ஒரு பதில்

எங்கள் வழக்கம் ஒன்று. எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண்ணில் சொல்வோம். முதல் எண் தெளிவுக்கு, இரண்டாவது பலத்துக்கு. அஞ்சு ஒன்பது என்றால் பிரமாதம். மரியாதைக்காக எல்லோருக்கும் அதையே சொல்லிவிடுகிற கெட்ட பழக்கமும் எங்களிடம் உண்டு. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோம்? அதுதான். அப்படியும், இடி மின்னலில்கூட பால்ராஜ் எனக்கு அஞ்சு ஒன்பது போட்டபோது நான் கேலி செய்தேன். சிரித்தார். அல்லது நான் சிரித்ததால் சிரித்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை. நான் பேசவில்லை. ஆன்டெனாவை அளந்து பார்க்க பட்டனை அழுத்திப் பிடித்திருந்தேன். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் கேட்பது வெறும் விசில். விட்டதும் பால்ராஜின் குரல் வந்தது: "ரொம்ப சரி பாய். அஞ்சு ஒன்பது. நீங்க சொன்னதுதான் கரெக்ட்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் செட்டில் சிக்னல் விளக்கு ஏறியிருக்கிறது. அது இறங்கியதும் பதில் சொல்லியிருக்கிறார். என் குரல் அவருக்குக் கேட்டே எத்தனை நாள் ஆயிற்றோ.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். காது கேட்காமல் போய் இரண்டு வருடமாம். நரம்பு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காதுக் கருவி வைத்தால் ரேடியோவின் இரைச்சல் மட்டும் பெரிதாகிறதாம். கோயிலுக்குப் போவதை நிறுத்தியாயிற்று, விருந்துக்குப் போவதை நிறுத்தியாயிற்று. அந்த அரை மணி நேரம் ஒன்றுதான் மிச்சம் என்று அழுதார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவரும் பால்ராஜிடம் மறைக்கவில்லை. மறுநாள் பால்ராஜிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது: "செட்டைக் குடுத்துர்றேன் பாய், வந்து எடுத்துக்கங்க."

முள்

செட்டை எடுக்கத்தான் மாயாபந்தர் வந்திருக்கிறேன் என்று அவர் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பையில் இரண்டு சாமான்கள். ஒன்று சிக்னல் ஜெனரேட்டர். மெல்லிய ரேடியோ சிக்னலைத் தானே உண்டாக்கித் தரும் பெட்டி. இன்னொன்று, என் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய முள் வைத்த மல்டிமீட்டர். கண்ணாடியில் கீறல் விழுந்து, யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தது. லைசென்ஸ் பரீட்சைக்காக நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸை உருப்போட்டவர்கள். காது போனாலும் கண் இருக்கிறதே.

ஜெனரேட்டரோடு சமையலறையில் உட்கார்ந்து மோர்ஸ் அனுப்பினேன். பால்ராஜின் செட்டில் உள்ள விளக்குப் பட்டையால் பிரயோஜனம் இல்லை. ஏறும், ஆனால் இறங்க யோசிக்கும். புள்ளியும் கோடும் ஒட்டிக்கொண்டன. புது டிஜிட்டல் மீட்டரும் அப்படித்தான் இழுக்கும் என்று தெரியும். பழைய மல்டிமீட்டரை செட்டின் உள்ளே இரண்டு ஒயரில் இணைத்தேன். அதன் முள் சிக்னல் வந்தால் துள்ளியது, நின்றால் விழுந்தது. மறுபடி சமையலறைக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக அனுப்பினேன். அடுத்த அறையில் சத்தமே இல்லை. வேலைக்கு ஆகவில்லை என்று முடிவு செய்து எழுந்துவிட்டேன். அப்போது பால்ராஜ், காது கேட்காதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில் கத்தினார்: "ஸ்டெல்லா! பாய் அங்கேயேதான உக்காந்திருக்காரு, டீ வேணும்னு வாயத் தொறந்து கேக்க மாட்டாராமா?"

ஸ்டெல்லா டீ போடவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டீயை நான்தான் போட்டேன்.

கேள்விக்குறி

மல்டிமீட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். மறுநாள் ஐந்தரைக்கு மோர்ஸ் கீயைத் தூசி தட்டி எடுத்து பால்ராஜைக் கூப்பிட்டேன். பதில் உடனே வந்தது. மோர்ஸில் மூன்று எண் சொல்ல வேண்டும்; தெளிவு, பலம், அப்புறம் தொனி. இந்தத் தடவையும் தாராளமாகத்தான் போடுவார் என்று பென்சிலோடு காத்திருந்தேன். மூணு வந்தது. மறுபடி மூணு. மூன்றாவது இடத்தில் எண் இல்லை, ஒரு கேள்விக்குறி. தொனி காதுக்கு மட்டும்தான் தெரியும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல அவர் இனித் தயாராக இல்லை.

பிறகு இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. எழுதி முடிப்பதற்குள் என் மூக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது. மாடிக்குப் போய் என் கேபிளை வெட்டிப் பார்த்தேன். அதே பச்சைப் பொடி. கீழே என் மீட்டர், ஒன்றுக்கு ஒன்று என்று இத்தனை நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பால்ராஜ் அனுப்பியது இதுதான்: "சிக்னல் ரொம்ப மோசம் பாய். முள்ளு பாதிகூட ஏறல. மொதல்ல உங்க கேபிளப் பாருங்க."

இத்தனை வருட மீட்டர் வியாபாரத்தில் யாரும் எனக்குப் போட்ட மிக மோசமான மதிப்பெண் அதுதான் என்பதால், அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லா மீட்டர்களுக்கும் மேலே மாட்டி வைத்திருக்கிறேன்.