கணக்கில் சேராத அட்டைகள்

பொலிக்சேனி வ்ரெத்து. பிறந்தது 1943 அக்டோபர் 9, நிகேயா. 'அந்தூசா' என்னும் உல்லாசப் பயணக் கப்பலின் பயணிகள் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தது 1974 ஏப்ரல் 6. கணவர் சரந்திஸ், அதே கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் 1971 முதல் வயலின் கலைஞர். வழித்தடம்: பிரேயஸ், மிக்கோனோஸ், பத்மோஸ், ரோட்ஸ், சந்தோரினி, மீண்டும் பிரேயஸ், ஏழு நாள். பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஆண்டுக்கு இருபத்தெட்டுப் பயணங்கள். ஒரு பயணத்திற்கு ஏறத்தாழ அறுநூறு பயணிகள். அவர்களில் கருத்து அட்டை எழுதித் தந்தவர்கள், தொடக்க ஆண்டுகளின் சராசரிப்படி, முந்நூற்றைம்பது பேர்.

அந்த அட்டைகளை எண்ணுவதுதான் பொலிக்சேனியின் வேலை. திங்கட்கிழமை காலையில் கப்பல் பிரேயஸில் கட்டப்பட்டதும், நடைபாதை முழுக்கப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்க, பயணிகள் இறங்கும் வழியில் வைத்த மரப்பெட்டியில் அட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். அறை, ஊர்சுற்றல், பணிவிடை, இரவு உணவும் இசையும் என நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மிக நன்று முதல் மோசம் வரை நான்கு கட்டங்கள். கீழே, 'நாங்கள் எதை மாற்ற வேண்டும்?' என்று கேட்டு மூன்று வெற்று வரிகள். புதிய பயணிகள் ஏறுவதற்குள் அவள் எண்ணி முடித்து, மதிப்பெண் தாளின் ஒரு படியை அக்தி மியாவுலி தெருவிலிருந்த கம்பெனி அலுவலகத்திற்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். இன்னொரு படி ஊழியர் உணவறைப் பலகையில் குத்தப்படும். இருநூற்று நாற்பது ஊழியர்களும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எழுபதுகளில் அந்தத் தாளைப் படிப்பது இனிமையாக இருந்தது. இரவு உணவு இரண்டு பந்தி. ஆறரைக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. ஏழு நாளும் அதே மேசை, அதே பரிசாரகர், அதே ஆறு முகங்கள். ஆண்கள் கோட்டு அணிந்திருப்பார்கள். கடைசி இரவில் விளக்குகளை அணைத்து, தீ எரியும் ஐஸ்கிரீமைத் தட்டில் ஏந்திப் பரிசாரகர்கள் வரிசையாக நடந்துவர, மண்டபமே எழுந்து கைதட்டும். சரந்திஸ் மேசை மேசையாக நடந்து, குனிந்து வணங்கி, எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர்ப் பாட்டை வாசிப்பான். ஒரு முறை ஒரு கிழவர் கரண்டியை வைத்துவிட்டு அழுதார். அந்த மேசையிலிருந்து வந்த ஆறு அட்டைகளும் 'மிக நன்று'.

எண்ணும் நேரத்தில் சரந்திஸ் அலுவலகச் சன்னலில் வந்து முழங்கையை ஊன்றி நிற்பது வழக்கம்.

"என்ன பொலி, இந்த வாரம் என்னை யாரெல்லாம் புகழ்ந்திருக்காங்க?"

"அவசரப்படாதே. இன்னும் பாதி இருக்கு."

"நிதானமா எண்ணு. ஆனா நல்லதை மட்டும் சத்தமாப் படி."

இது இருவருக்கும் விளையாட்டு. 1987 ஜூனில் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. முந்தைய கோடையில் அமெரிக்கர்கள் கடத்தல் செய்திகளுக்குப் பயந்து வராமல் இருந்துவிட, கம்பெனி கட்டணத்தைக் குறைத்து வேறு ஆட்களைப் பிடித்திருந்தது. வயது குறைந்தவர்கள், பிள்ளைகளோடு வருபவர்கள். அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: 'பதினான்காம் மேசை. வயலின்காரரை யாராவது அழைத்துக்கொண்டு போங்கள். காசு கொடுத்தால் போய்விடுவாரா என்று என் மகள் கேட்கிறாள்.'

சன்னலில் முழங்கை இருந்தது. பொலிக்சேனி அந்த அட்டையைப் பேரேட்டுக்கு அடியில் தள்ளினாள்.

கணவன் கண்ணில் படக் கூடாது என்பதற்கு மேல் அவள் எதுவும் நினைக்கவில்லை. ஆனால் 'மோசம்: ஒன்று' என்று தாளில் ஏற்றினால் அது பலகையில் வரும், வந்தால் அவன் அட்டையைக் கேட்பான். ஆகவே ஏற்றவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை. பழைய ரசீதுகள் வைக்கும் அலமாரியில், ஒரு காலணிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். அந்த ஆண்டு முடிவில் பெட்டிக்குள் நாற்பத்தொரு அட்டைகள் இருந்தன.

உணவுக்கும் இசைக்கும் அட்டையில் ஒரே கட்டம் என்பதுதான் அவளை மேலும் இழுத்துச் சென்றது. வயலினைக் குறை சொல்லாதவர்கள்கூட அந்தக் கட்டத்தில்தான் கோபத்தைக் காட்டினார்கள். 'எட்டரை மணிக்குத்தான் சாப்பிட வேண்டும் என்று என் கல்யாணத்தில்கூட யாரும் சொல்லவில்லை.' 'கோட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் விடுமுறைக்கு வந்தேன், நீதிமன்றத்துக்கு அல்ல.' 'பக்கத்தில் நின்ற கப்பலில் எந்நேரமும் எடுத்துச் சாப்பிடலாமாம், குளத்தருகே பீட்சா சுடுகிறார்களாம். எங்களுக்கோ தினமும் அதே மேசையில் இரண்டு மணி நேரம் ஒரு பல் மருத்துவரின் கதை.' இவையும் பெட்டிக்குள் போயின. 1990இல் எழுநூற்று இரண்டு. 1992இல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. பலகையில் குத்திய தாளோ, இரவு உணவுக்கும் இசைக்கும் தொண்ணூறுக்குக் கீழே ஒருபோதும் காட்டவில்லை.

தாளை நம்பாத ஒரே ஆள் தலைமைப் பரிசாரகர் கொஸ்மாஸ். 1993 செப்டம்பரில் ஒரு நாள், காலி எலுமிச்சை ரசக் கோப்பைகளை அடுக்கிய தள்ளுவண்டியைச் சன்னலருகே நிறுத்திவிட்டு அவர் பேசினார்.

"பொலி, உன் தாள்ல எவ்வளவு போட்டிருக்கே?"

"தொண்ணூத்திரெண்டு."

"அடேயப்பா. நேத்து ரெண்டாம் பந்தில நூத்துப் பத்து நாற்காலி காலி. அந்த நாற்காலிங்க போட்ட மார்க்கா இது?"

"வெயில்ல சுத்திட்டு வந்து அசதியா படுத்திருப்பாங்க."

"படுக்கலம்மா. மேல்தளத்துல டோஸ்ட்டுக்கு வரிசை நிக்குது, டிஸ்கோவுக்கு வரிசை நிக்குது. நான் போய்ப் பார்த்தேன். இந்தக் கப்பல்ல எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுறது உன் தாள்ல மட்டும்தான்."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கடைசிப் பயணம் அக்டோபர் 25இல் முடிந்தது. மறுநாள் கம்பெனி முதலாளியின் அண்ணன் மகன் லெயாந்த்ரோஸ், துறைத் தலைவர்களைச் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டினார். முப்பத்தாறு வயது, பேசும்போது பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். பொலிக்சேனி குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள். சரந்திஸும் அழைக்கப்பட்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றார் லெயாந்த்ரோஸ். "மறுபடி வர்றவங்க முன்ன நூத்துக்கு முப்பது பேர். இப்போ ஆறு பேர். ஏன்னு கார்டைப் பார்த்தா, அறை பழசு, குளம் சின்னதுங்கிறாங்க, சரி. ஆனா சாப்பாடும் இசையும் தொண்ணூத்திரெண்டு! கார்டு எழுதுறதும் குறைஞ்சிடுச்சு, ஆனா எழுதுறவங்க எல்லாரும் இதைத்தான் தூக்கி வைக்கிறாங்க. அப்போ நம்மகிட்ட இருக்கிற ஒரே சரக்கு இதுதான்."

அவர் வரைபடத்தை விரித்தார். குளிர்காலத்தில் பெராமா கப்பல் பட்டறையில் வேலை. மண்டபம் இரண்டு தளத்துக்கு உயரும், மாடம் வரும், மூவர் வாசித்த இடத்தில் எட்டுப் பேர் வாசிப்பார்கள். அதற்கு இடம் வேண்டுமென்று மேல்தளத்துச் சிற்றுண்டிக் கடை எடுக்கப்படும். கப்பலையே அடகு வைத்துக் கடன் வாங்கப் போகிறார்கள்.

"அடுத்த வருஷம் ஓடலேன்னா?" என்றார் கொஸ்மாஸ்.

"வித்துடுவாங்க. வாங்குறவன் நம்ம ஆளுங்களை வச்சுக்க மாட்டான். டிசம்பர் பத்துல கையெழுத்து." லெயாந்த்ரோஸ் பேனாவை மூடினார். "ஆனா ஏன் ஓடாது? நீங்க எட்டுப் பேரைப் பிடிங்க, சரந்திஸ் சார்."

கொஸ்மாஸ் வரைபடத்தைப் பார்க்கவில்லை. பொலிக்சேனியைப் பார்த்தார்.

நவம்பர் முழுவதும் நிகேயா வீட்டில் சரந்திஸ் தொலைபேசியோடு கிடந்தான். செல்லோவுக்கு ஒருவர், கிளாரினெட்டுக்கு இருவர் என்று பெயர்கள் எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். ஐம்பத்துநான்கு வயதில் அவனுக்கு ஒரு இசைக்குழு கிடைத்திருந்தது.

"கிளாரினெட்காரன் கேட்கிறான், கப்பல்ல இன்னும் யாரு இதெல்லாம் கேட்கிறாங்கன்னு. உன் தாளைப் படிச்சுக் காட்டினேன். வாயை மூடிக்கிட்டான்."

"படிச்சுக் காட்டினியா?"

"ஏன், ரகசியமா? பலகையில குத்துறதுதானே."

அன்று அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, மறுபடி எடுத்தாள். பொய்த் தாள் இப்போது கிளாரினெட்காரனையும் கையிலிருக்கும் வேலையை விட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னால் சரந்திஸின் எட்டுப் பேர் குழு போகும், பழைய மூவர் குழுவும் போகும், அவள் வேலையும் போகும். சொல்லாவிட்டால் அடுத்த அக்டோபருக்குள் கப்பல் போகும். கொஸ்மாஸ், சமையல்காரர்கள், அறை துடைக்கும் பெண்கள், சரந்திஸ் உட்பட எல்லாரும் போவார்கள். தேதி மட்டும் வேறு. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் கணவனின் பெயர் கழித்தல் பக்கத்தில்தான் வந்தது.

டிசம்பர் 3ஆம் தேதி அவள் பெராமாவுக்குப் போனாள். மின்சாரம் நிறுத்திய கப்பலுக்குள் காவலாளியிடம் கைவிளக்கை வாங்கிக்கொண்டு இறங்கி, அலமாரியைத் திறந்து, பலவாகிவிட்ட காலணிப் பெட்டிகளை இரண்டு துணிப் பெட்டிகளில் மாற்றினாள். டாக்சிக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஊரையே காலி பண்றீங்களா அம்மா?" என்று கேட்டார்.

அக்தி மியாவுலி அலுவலகத்தில் லெயாந்த்ரோஸ் முதலில் சிரித்தார். துணிப் பெட்டியோடு வந்தவளைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள்.

"எங்கேயாவது பயணமா பொலிக்சேனியம்மா?"

"இதெல்லாம் கார்டு சார். நான் கணக்குல சேர்க்காதது. ஏழு வருஷத்தது. ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. இதையும் சேர்த்தா இந்த வருஷம் தொண்ணூத்திரெண்டு இல்ல. அறுபத்துநாலு."

அவர் ஒரு கட்டு அட்டைகளை எடுத்து நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பேனா மூடியே இருந்தது.

"யாரு சொல்லி எடுத்து வச்சீங்க?"

"யாரும் சொல்லல. என் வீட்டுக்காரர் படிப்பாரு. அதனால."

"அதனால," என்று அவர் திருப்பிச் சொன்னார். "எங்க சித்தப்பா இந்தத் தாளை வச்சு மூணு கப்பல்காரங்களைப் பரிகாசம் பண்ணியிருக்காரு, தெரியுமா? பீட்சா சுடுற கப்பல், பீட்சா சுடுற கப்பல்னு. ஏன் கிழிச்சுப் போடல நீங்க?"

"அவங்க எழுதிக் கொடுத்தது சார். எப்படிக் கிழிக்க?"

"எண்ணாம விடலாம், ஆனா கிழிக்கக் கூடாது." அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "உங்களை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். அனுப்பிட்டு வேற யாரையாவது வச்சா, அவன் இதையெல்லாம் எண்ணக்கூட மாட்டான். போங்க. ஏப்ரல்ல வாங்க. எல்லாத்தையும் எண்ணுங்க."

"அவரு?"

"அவரைப் பத்தி இந்தக் கார்டுங்களே பேசிடுச்சே அம்மா."

வீட்டுக்குத் திரும்பியதும் அவள் மேலங்கியைக் கழற்றாமலே சமையலறையில் நின்று சொன்னாள். சரந்திஸின் குரல் உயரும் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அது உயராததே பயமாக இருந்தது.

"முதல் கார்டு எந்த வருஷம்?"

"எண்பத்தேழு."

"எந்த மேசை?"

"பதினாலு."

"எண்பத்தேழுலேருந்து ராத்திரி ராத்திரி அந்த மேசைங்ககிட்ட போய்க் குனிஞ்சேன். ஊர் கேட்டேன். அவங்க பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. நான் ரசிக்கிறாங்கன்னு நினைச்சு இன்னொரு பாட்டும் வாசிச்சேன். நீ வாசல்ல நின்னு பார்த்தே."

"உனக்கு வலிக்கும்னுதான் சரந்தி."

"ஒரு நாள் வலிச்சிருக்கும். எங்கேயாவது ஓரமா உக்காந்து வாசிச்சிருப்பேன். ஏழு வருஷம் என்னைக் கோமாளியா நடக்க விட்டியே."

தொலைபேசியருகே இருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் தானே அழைத்து, வேலை இல்லை என்று சொன்னான். கிளாரினெட்காரன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமா, நீ சொன்னதுதான் சரி," என்றான் சரந்திஸ். குளிர்காலம் முடியும்வரை அவன் முன்னறையில் படுத்தான். வயலினைத் தம்பியின் வோலோஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பின்னாலேயே தானும் போகலாம் என்றான், போகவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வரைபடம் மாறியது. மண்டபத்தின் குறுக்கே தடுப்புச் சுவர் எழுந்தது. ஒரு பாதியில் பழைய பந்தி, கோட்டு கட்டாயமில்லை. மறுபாதியில் காலை ஆறு முதல் நள்ளிரவு வரை எடுத்துச் சாப்பிடும் நீள மேசைகள். இசை மேடை இருந்த இடத்தில் பீட்சா அடுப்பு. கொஸ்மாஸின் பரிசாரகர்களில் முப்பத்தொரு பேருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் பொலிக்சேனியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சன்னல் பக்கம் வண்டியை நிறுத்துவதையும் விட்டுவிட்டார்.

ஏப்ரல் 18 காலையில் சரந்திஸ் அவள் பெட்டியைத் துறைமுக வாயில்வரை தூக்கிக்கொண்டு வந்தான். காவலர் அடையாளச் சீட்டைக் கேட்டபோது பெட்டியை அவள் கையில் கொடுத்தான்.

"நீ வரும்போது இருப்பியா?" என்றாள்.

"கார்டை ஒழுங்கா எண்ணு," என்றான்.

ஏழு நாள் கழித்து, ஏப்ரல் 25 திங்கட்கிழமை, அவள் எண்ணினாள். சன்னலில் யாரும் இல்லை. ஒன்றையும் ஒதுக்கவில்லை, மூன்று வெற்று வரிகளில் எழுதியிருந்ததையும் தலைப்பு வாரியாகப் பிரித்து ஏற்றினாள். தாளைப் பலகையில் குத்தினாள். பயணிகள் 604. அட்டை தந்தவர்கள் 381. இரவு உணவுக்கு மதிப்பெண் 83. சாப்பாட்டு மண்டபத்தில் இசை ஏன் இல்லை என்று கேட்டவர்கள் 9.